சரித்து வெட்டிய கம்பம்

எங்கள் ஒழுங்கைக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் மச்சான் போட்ட குரல் பதிவை நானும் கேட்டேன். ஒரு தரம் கேட்டுவிட்டு விடவில்லை. திரும்பத் திரும்பப் போட்டு, எங்கேயாவது குரல் தடுமாறுகிறதா என்று பார்த்தேன். தடுமாறவே இல்லை. தான் சொல்லும் பொய்யை நம்பிவிட்டவனுக்குக் குரல் எதற்குத் தடுமாறப் போகிறது.

"அப்பாதான் மலையில இருந்து வந்த சனத்துக்கு அந்த வெளியில இடம் குடுத்தவர். அவையள் அங்க காமனுக்குக் கோயில் வச்சுக் கும்பிட்டவை. நாங்களும் போய்க் கும்பிட்டனாங்கள். தாய் பிள்ளையளாப் பழகினனாங்கள். அக்கா ரீச்சரா இருந்தவ. அவ வந்து விசாரணையில சொன்னா எடுபடும்."

அக்கா என்றது என்னை, வயதுக்கு மூத்தவள் என்பதால். மச்சான் என் தாய்மாமனின் மகன்; அப்பா என்று அவன் சொல்வது அந்த மாமாவை. மாமாவுக்குப் பிறகு இப்போது பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா அவன்தான். அவனுடைய பதிவுக்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிடு கைகளைப் போட்டிருந்தீர்கள். பாலையூற்றில் என்னோடு ஒரே ஒழுங்கையில், ஒரே புழுதியில் வளர்ந்த நீங்கள். ஒருவராவது "அப்படியோ நடந்தது?" என்று கேட்கவில்லை.

எங்கள் பின்வேலிக்கு அப்பால் கிடக்கும் அந்த வெறும் வெளியில் எல்லைக் கொங்கிரீட் கல் நட்டிருக்கிறார்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. எந்தத் திணைக்களம், யாருக்காக என்று சரியாகச் சொல்வார் இல்லை. வரும் திங்கட்கிழமை காணி விசாரணை. அங்கே முன்பு ஆட்கள் குடியிருந்தார்கள், சாமி கும்பிட்டார்கள் என்று காட்டினால் காணி தப்பும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருவதற்கு முன், எழுபதுகளில் நான் சிறுமியாக இருந்த ஒரு மாசி மாதத்தில் நடந்ததை ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள். மற்றப் பாதிக்கு வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பொங்கல் கழிந்து, வெளியில் தேங்கி நின்ற மழைத்தண்ணீர் வற்றத் தொடங்கிய நேரம் அந்த லொறி வந்தது. லொறியிலிருந்து முதலில் இறங்கியவை கம்பளிகள். புகையும் ஈரமும் கலந்த மணத்தோடு, தடித்த கறுப்புக் கம்பளிகள். எங்கள் வீட்டில் கம்பளி என்ற சாமானே கிடையாது. காய்ச்சல் வந்தால் அம்மாவின் பழைய சேலைதான். அம்மா பின்வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வெக்கையில ஆருக்குக் கம்பளி? உதுக்குள்ள எதையோ சுத்திக்கொண்டு வந்திருக்குதுகள்."

சுற்றிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ஒரு கம்பளிக்குள் தப்பு மேளம். ஒன்றுக்குள் கண்ணாடி உடைந்த சாமிப்படம். ஒன்றுக்குள் அம்மிக் குழவி. அம்மியைக் காணவில்லை. ஓடும்போது குழவியைத்தான் தூக்க முடிந்ததாம். அந்தக் குழவியை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு தட்டைக் கல்லில் மிளகாய் அரைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தென்னங்கிடுகால் குடில் போட்டு வெளியின் ஓரம் முழுக்க இருந்தார்கள். எங்கள் பின்வேலிக்கு நேரே இருந்த குடிலில் ஒரு புருசன், பெண்சாதி, என் வயதில் ஒரு மகள். பெண்சாதிக்கு வயிறு தள்ளியிருந்தது. அந்த மனிதரை ஒழுங்கையில் எல்லோரும் கவ்வாத்துக்காரர் என்றார்கள். தோட்டத்தில் என்ன வேலை என்று அப்பா கேட்டபோது, "கவ்வாத்துங்க. தேயிலைச் செடிய ஒரே ஒசரத்துக்கு வெட்டி விடுறது" என்று அவரே சொன்னதால் வந்த பெயர். வளைந்த சிறு கத்தி ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். தேயிலை இல்லாத ஊரில் அந்தக் கத்தி எதற்கு என்பதுதான் மாமாவின் முதல் கேள்வி.

அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தால் கோயில் முன்றலில் வேறு கதை இல்லை. இவர்களை ஆர் அனுப்பினது? ஆர் லொறி பிடிச்சுக் குடுத்தது? ஏன் எங்கட வெளி?

"வோட்டுக்குக் கொண்டு வந்து இறக்கியிருக்கினம்" என்றார் மாமா.

அப்பாவுக்குத் துறைமுகப் பண்டகசாலையில் எழுதுகிற வேலை. ஊர் வழக்குகளில் வாய் திறக்காதவர் அன்றைக்கு மெதுவாகத் திறந்தார். "அவையளுக்கு வோட்டே இல்லை, அத்தான். இந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை, இந்தியாவிலயும் இல்லை."

"அப்ப இன்னும் மோசம்" என்றார் மாமா. "ஒரு இடமும் சொந்தமில்லாதவன் கண்ட இடத்தையும் பிடிப்பான்."

மாமா பேசினால் பேசினதுதான். இதைச் சொல்லும்போது மாமாவை முழுக்க மோசமாகக் காட்ட எனக்கு மனமில்லை. நம்முடைய மாவட்டத்தில் காணி எப்படிக் கைமாறும் என்று உங்களுக்குத் தெரியாதா? முதலில் ஒரு மரத்தடியில் சிலையோ கல்லோ வைப்பார்கள். பிறகு சுற்றி நாலு தடி. பிறகு கொடி. அதன் பிறகு நீ உன் காணிக்குள் போக ஏலாது. இதை மாமா கண்ணால் கண்டவர். அதனால் யார் எதை மண்ணில் ஊன்றினாலும் அவருக்கு நெஞ்சு திக்கென்னும். அந்த வெளிக்கு உறுதிப் பத்திரமும் இல்லை. பிள்ளையாருக்குச் சொந்தம் என்பது வாய்க்கதை.

எனக்கு மட்டும் அந்த மகளோடு கூட்டு. எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. வேலியில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில் அவள் மறுபக்கம் நின்றிருப்பாள். அவள் சொன்னது ஒன்றையும் நான் நம்பவில்லை. மழைக்காலத்தில் புல்லிலிருந்து அட்டை காலில் ஏறி இரத்தம் குடிக்கும் என்றாள். பகலிலேயே முகில் வந்து வீட்டுக்குள் நுழையும் என்றாள். பேசும்போது வாயால் புகை வரும் என்றாள். "பொய்க்காரி" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "வேணுன்னா ஒருநாளு வந்து பாரு" என்றாள். பிறகு தன் தப்பு தனக்கே விளங்கி, "இப்ப வந்தா லயம் இருக்காது" என்றாள். லயம் என்றது தோட்டத்தில் அவர்கள் இருந்த வரிசை வீட்டை.

ஒரு ஞாயிறு அப்பா எங்கள் இரண்டு பேரையும் உட்துறைமுகக் கரைக்குக் கூட்டிப் போனார். அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கோதுமை மா ஏற்றி வந்த கப்பல் ஒன்று நின்றிருந்தது. அவள் கண் எட்டும் தூரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்: "இது எந்தத் தொரையோடதுங்க?" அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. தோட்டத்தில் மலை, செடி, லயம், அடுப்புக்கு விறகு, எல்லாமே துரைக்குச் சொந்தம். இவ்வளவு பெரிய தண்ணீருக்கு ஒரு துரை இல்லாமல் இருக்குமா? அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை எனக்குச் சொன்னது அந்தக் கப்பல்தான். திரும்பி நடக்கும்போது அவள் சொன்னாள்: "தோட்டத்துல மாவு கொடுக்கிறத நிறுத்திட்டாங்க. வேலையும் வாரத்துல பாதி நாளுதான். மரவள்ளியும் தீந்து போச்சு. எங்க அத்த பட்டினியில செத்துப் போச்சு. அப்புறமா ஆளுக வந்து லயத்துக்குத் தீ வச்சாங்க. எங்க போறதுன்னு தெரியாம ஒரு வருசம் அங்கங்க அலைஞ்சோம். கப்பல்ல மாவு வந்து எறங்குற ஊரு ஒண்ணு இருக்கு, அங்க போனா பட்டினி இல்லன்னு ஒருத்தர் சொன்னாரு. வந்துட்டோம்."

ஆர் அனுப்பினது என்று கோயில் முன்றலில் ஒரு மாதம் முழுக்க மண்டையை உடைத்தார்களே, இதுதான் பதில். பசி அனுப்பியது. நான் இதை அம்மாவிடம் சொன்னேன். "அவையள் சொல்லிக் குடுத்துத்தான் பிள்ளையைக் கதைக்க விடுகினம்" என்றார் அம்மா.

கவ்வாத்துக்காரர் துறைமுகத்தில் மூடை தூக்கப் போனார். குறைந்த கூலிக்குப் போகிறார்கள் என்று மூடை தூக்கிப் பிழைக்கும் எங்கள் ஊர் நாட்டாமைமாருக்கு ஆத்திரம். மாலையில் தலை, புருவம், சட்டை எல்லாம் மா படிந்து வெள்ளையாக வருவார். அவர் பெண்சாதி குடில் வாசலில் சுளகை வைத்து அதன் மேல் சட்டையை உதறுவார். விழுந்த மாவை அரித்து, மண்ணையும் நூலையும் எடுத்துவிட்டு ரொட்டி தட்டுவார். அந்த ரொட்டியில் ஒரு துண்டு நான் தின்றிருக்கிறேன். வியர்வை உப்பும் சாக்கு மணமும் இருந்தது. மாமா இதை வேலிக்கு மேலால் கண்டுவிட்டு, "கப்பல் மாவைச் சட்டைக்குள்ள போட்டுக் கடத்துறான்" என்று ஊருக்கே சொன்னார்.

தண்ணீருக்கு எங்கள் கிணற்றுக்கு வருவார்கள். அம்மா கயிற்றைத் தொட விடமாட்டார். தானே அள்ளி ஊற்றுவார். அவர்களுடைய மண்பானை எங்கள் கிணற்றுக் கட்டில் படக்கூடாது என்பதற்காக, ஒரு பக்கம் நெளிந்த எங்கள் அலுமினியக் குடத்தை அவர்களுக்கு இரவல் கொடுத்தார். ஒழுங்கையில் அதைத் தருமம் என்று கதைத்தார்கள். எது தருமம், எது தீட்டுப் பயம் என்று எனக்கு அப்போதே ஒரு குழப்பம் இருந்தது.

மாசி பிறந்து ஒரு காலையில் கவ்வாத்துக்காரர் எங்கள் வாசல் படலைக்கு வந்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆகையால் இனி நான் சொல்வதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

"அம்மா, வேலியில ஒரு முருக்கங்கம்பு வெட்டிக்கட்டுங்களா?"

"என்னத்துக்கு?"

"காமனுக்குங்க. மாசி மூணாம் பிறையில கம்பம் நட்டு, பௌர்ணமிக்கு எரிக்கிறது. அங்க கரும்பும் ஆமணக்கும் வச்சுக் கட்டுவோம். இங்க தேடினேன், கெடைக்கல. பச்சக் கம்பா இருந்தாப் போதும்."

அம்மா யோசித்தார். கவ்வாத்துக்காரர் தொடர்ந்தார். "போன வருசம் கம்பம் நட்டிருந்த நேரத்துலதான் தீ வச்சாங்க. லயம் எரிஞ்சுது, கம்பம் எரியல. எரிக்காம ஓடியாந்துட்டோம். பாதியில விட்டா குடி நெலைக்காதுன்னு எங்காளுங்க சொல்லுவாங்க. சொன்ன மாதிரிதான் இருக்கு, எங்க போயும் நெலைக்கல. எம் பொஞ்சாதிக்குப் புள்ள பொறக்கறதுக்குள்ள முடிச்சிட்டேன்னா இங்கயாச்சும் இருந்துருவோம்."

அம்மாவுக்கு வயிற்றுப்பிள்ளை என்றால் மனம் இளகும். "உதில ஒண்டை வெட்டுங்கோ. பூ நிக்கிற கொப்பை விடுங்கோ" என்றார்.

அவர் கத்தியை எடுத்து, முள்ளைத் தடவி ஒதுக்கி, ஒரே இழுப்பில் வெட்டினார். வெட்டு நேராக இல்லை, சரிவாக இருந்தது. வெட்டின வாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுநுனியையும் அதே சரிவில் வெட்டினார். தேயிலையைச் சரித்துத்தான் வெட்டுவார்களாம். மட்டமாக வெட்டினால் மழைத்தண்ணீர் நின்று செடி அழுகிவிடுமாம். அந்தக் கைக்கு வேறு விதமாக வெட்டத் தெரியாது.

மூன்றாம் பிறையன்று மாலை, வெளியின் நடுவில் கம்பத்தை நட்டார்கள். வைக்கோல் புரி சுற்றி, மாவிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு மாடு இடறாமல் இருக்கச் சுற்றி நாலு தடி ஊன்றிக் கயிறு கட்டினார்கள். தப்பு அடித்தார்கள். நம் ஊரில் அந்த மேளம் எதற்கு அடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் ஒழுங்கையில் கதவுகள் திறந்தன. "ஆர் செத்தது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அது இன்னும் கூடாத சகுனமாகிவிட்டது. ஒவ்வொரு மாலையும் அந்தச் சத்தம் கேட்டது. சிலர் சூனியம் என்றார்கள்.

மாமா சூனியத்தை நம்பவில்லை. அவர் நம்பியது வேலியை. ஒரு நாள் தனியே போய்க் கம்பத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தார். அவர் முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது.

"தங்கச்சி, நான் சொன்னன் கேட்டியோ. உது கோயிலும் இல்லை, கூத்தும் இல்லை. வேலிக் கதியால். முள்முருக்கில சரிச்சு வெட்டின கதியால். எரிக்கப்போற தடியை ஆராவது அப்பிடிச் சரிச்சு வெட்டுவானோ? வேர் பிடிக்கவேணும் எண்டுதான் வெட்டியிருக்கிறான். நாலு மூலைக்கும் தடி வேற ஊண்டியிருக்கிறான். இண்டைக்கு நாலு முழம். அடுத்த மாரிக்கு வெளி முழுக்க."

நம்மைப் போல வேலிக்காக வழக்குப் பேசிப் பேசி வளர்ந்த ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு சந்தேகம் வரும். கதியாலை இரவில் அரை முழம் தள்ளி நட்டதற்காக அண்ணன் தம்பி கதைக்காமல் விட்ட வீடுகள் நம் ஒழுங்கையிலேயே எத்தனை. சரித்து வெட்டிய பச்சைத் தடி என்றால் நம் கண்ணுக்கு அது வேலிதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

அம்மாவுக்கு உண்மை தெரியும். அந்தத் தடி எங்கள் வேலியில் வெட்டியது, தான் கொடுத்தது, எதற்கென்று கேட்டுத்தான் கொடுத்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா குசினிக்குள் போய் மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். தமையனுக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை அவருக்கு.

அடுத்த வெள்ளி, மதியப் பூசை முடிந்த கையோடு மாமாவும் கோயில் ஆட்களும் வெளிக்குப் போனார்கள். குடில்களின் ஆண்கள் எல்லாம் துறைமுகத்தில் மூடை தூக்கிக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்துதான் அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தார்கள். நாங்கள் பின்வேலியில் நின்றோம். உங்களில் பலர் எங்களோடு நின்றீர்கள்.

கவ்வாத்துக்காரரின் பெண்சாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிலிலிருந்து வந்தார். மகள் அவர் சேலையைப் பிடித்திருந்தாள்.

"ஐயா, நட்டத எரிக்காமப் புடுங்கக் கூடாதுங்க. பௌர்ணமிக்கு எரிச்சிட்டோம்னா நாங்களே எல்லாத்தையும் எடுத்துருவோம்."

"எரிக்கப் போறியளோ?" என்று மாமா திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "கேட்டியளோ, எரிக்கப் போறாவாம். சுத்திவரக் கிடுகு வீடுகள். காத்தும் இந்தப் பக்கமாத்தான் அடிக்குது."

"அய்யோ, அப்படி இல்லீங்க. சாமி காரியம்."

"வேலி அடைக்கிறது சாமி காரியமோ?"

"வேலியா? எங்களுக்கு எதுக்குங்க வேலி? நெலம் இருந்தாத்தானே வேலி போடுறதுக்கு."

அப்போது அவர் எங்கள் வேலிப் பக்கம் திரும்பினார். அம்மாவைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. உங்ககிட்டக் கேட்டுத்தானே இவரு வெட்டினாரு. எதுக்குன்னு சொன்னாருல்ல."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கையாலேயே ஒரு அடி விழுந்தது. அந்த அடி வலித்ததை விட அம்மா சொன்ன பொய் வலித்தது. பிள்ளைகளுக்குப் பொய் பிடிக்காது என்பதால் அல்ல. பொய்யைச் சொன்னவர் என் அம்மா என்பதால்.

மாமா கம்பத்தைப் பிடித்து ஆட்டி இழுத்தார். ஈர மண்ணிலிருந்து அது இலகுவாக வந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாகச் சிறு வேர் முளைகள் கண்டிருந்தன. "பாருங்கோ" என்று தூக்கிக் காட்டினார் மாமா. தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்த சந்தோசம் அவருக்கு. முருக்கந்தடியைப் பிணத்துக்குப் பக்கத்தில் நட்டாலும் வேர்விடும், அது அவருக்கும் தெரியும். புரியையும் மாவிலையையும் உதறிவிட்டு, தடியை எங்கள் வேலிக்கு மேலால் வளவுக்குள் எறிந்தார்.

மாலையில் கவ்வாத்துக்காரர் மா படிந்த தலையோடு வந்தார். பெண்சாதி சட்டையை உதறச் சுளகு எடுத்து வைக்கவில்லை. அவர் வெளியின் நடுவில் போய்க் குந்தியிருந்து, கம்பம் நின்ற குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மண்ணை அள்ளி அந்தக் குழியை மூடினார். போலீசுக்குப் போவான், ஆட்களைக் கூட்டி வருவான் என்று மாமா இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார். அவர் எங்கேயும் போகவில்லை.

விடிந்தபோது ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் எல்லாக் குடில்களின் கம்பளிகளும் ஏறிக்கொண்டிருந்தன. ஓரத்தில் அவர் பெண்சாதி, மடியில் அந்த அம்மிக் குழவி. பாதை முழுக்கக் குழியும் மேடும். அந்த வயிற்றோடு எவ்வளவு தூரம் அந்தக் குலுக்கலைத் தாங்கினாரோ. மகள் என்னைப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன். அவள் காட்டவில்லை.

எங்கள் படலையடியில் இரவல் குடம் இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கி, கவிழ்த்து வைத்திருந்தார்கள். நெளிந்த பக்கத்தைக்கூட உள்ளிருந்து தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். அம்மா அதை எடுத்துக் கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். பிறகு அந்தக் குடத்தில் தண்ணீர் அள்ளி நான் கண்டதில்லை. தொண்ணூறில் போருக்குப் பயந்து நாங்களும் வீட்டை விட்டு ஓடினபோது அது அங்கேயே கிடந்தது. திரும்பி வந்தபோது இல்லை.

அந்தத் தடியை அம்மா விறகுக்குப் போடவில்லை. வெட்டின இடம் வேலியில் வெளித்துக்கொண்டிருந்தது. அதே இடத்தில் அதை ஊன்றிவிட்டார். பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்தாரா, அல்லது தடி எங்கள் வேலியில் வெட்டியது என்று தமையன் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று ஓட்டையை அடைத்தாரா? சாகும்வரை நான் கேட்கவில்லை. என் சந்தேகம் இரண்டாவதில்தான். தடி வேர்பிடித்து மரமாகிவிட்டது. மாசி, பங்குனியில் சிவப்பாகப் பூக்கும். நீங்கள் எல்லோரும் அதன் குழையை ஆட்டுக்கு ஒடித்தவர்கள்.

மலைச் சனம் போன பிறகு வெளியில் ஒருவரும் குடியேறவில்லை. மாமா ஆட்டுப்பட்டி போடுவேன், கோயிலுக்கு மண்டபம் கட்டுவேன் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. வெறுமனே கிடந்தது. இப்போது கல் நட வந்தவர்கள் அதைத்தான் சொன்னார்களாம்: வெறுங்காணிதானே, ஆர் இருந்தது இஞ்ச? மாமா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கவ்வாத்துக்காரரின் மகளை நான் திரும்பக் கண்டது போன வருடத்துக்கு முந்தின வருடம். இறந்துபோன தகப்பனின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கு வந்தவள், வவுனியாவுக்குத் திரும்பும் வழியில் ஓட்டோ பிடித்து நம் ஒழுங்கைக்கு வந்திருக்கிறாள். படலையில் நின்று "வீட்டுல யாருங்க?" என்ற குரல் கேட்டது. நரைத்த தலை. அந்தக் கண் மட்டும் அதே கண். உழவு இயந்திரத்தில் போன மூன்றாம் நாள் தாய்க்குப் பிள்ளை இறந்து பிறந்ததாகச் சொன்னாள். தகப்பன் அதன் பிறகு எங்கேயும் கம்பம் நடவில்லையாம். கடைசிக் காலத்தில் பேச்சுத் தடுமாறியபோதும் "எரிக்கல, எரிக்கல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் அவளைப் பின்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் மரத்தைக் காட்டினேன். இதுதான் என்றேன். அவள் முள் குத்தாமல் அடிமரத்தில் கையை வைத்தாள்.

"கம்பத்துக்கு எடம் கெடச்சிருச்சு" என்றாள்.

மச்சானின் குரல் பதிவைக் கேட்ட பிறகு நேற்று அவளுக்குத்தான் தொலைபேசி எடுத்தேன். அங்கே குடியிருந்தவள் அவள், என்னை விட அவள் சொன்னால்தானே எடுபடும். எல்லாவற்றையும் விளக்கினேன். கொங்கிரீட் கல், விசாரணை, காமன் கோயில் என்று நீங்கள் சொல்லப் போவது, எல்லாம். மறுப்பாள் என்று நினைத்தேன். வைதிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

"வர்றேன்" என்றாள். "நாங்க அங்க இருந்தது நெசந்தானே. அப்பா கம்பம் நட்டதும் நெசம். அதச் சொல்றதுக்கு எனக்கு என்ன? ஆனா ஒண்ணு. இருந்தோம்னு சொன்னா, அப்புறம் ஏன் போனீங்கன்னு அந்த ஐயாமாரு கேப்பாங்கள்ல. அதுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்? உங்க ஆளுங்ககிட்டக் கேட்டுச் சொல்லு."

கேட்கிறேன். மச்சானிடமும், கும்பிடு கை போட்ட உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை விசாரணை. அவள் ஞாயிறு மத்தியானம் வவுனியாவில் பஸ் ஏற வேண்டும். அதற்கு முன் யாராவது ஒருவர் பதில் போடுங்கள்.